சம்மதிக்காத வியாழக்கிழமைகள்

வியாழக்கிழமை காலை பத்து மணிக்குப் பெர்னதெத் வீட்டில் அழைப்புமணி அடித்தது. அந்தத் தெருவில் மணி அடிக்கும் ஒரே வீடு அதுதான். மற்ற வீடுகளுக்கு அரிசி பறந்து வந்து மாடியில் இறங்கியது, மருத்துவர் திரையில் வந்தார், மனிதர் என்று யாரும் வரவில்லை.

பெர்னதெத்துக்கு ஐம்பத்தெட்டு வயது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. துறைமுகத்தில் எடைமேடையைப் பார்த்துக்கொண்டவள். எடைமேடை தன்னைத் தானே பார்த்துக்கொள்ளக் கற்றதும் வீட்டோடு இருந்துவிட்டாள். உப்போடைநகரில் ஓடைப் பாலத்துக்குச் சம்மதிக்காத ஒரே ஆள் இப்போது அவள்தான்.

வந்தவள் செண்பகவல்லி, பல்கலைக்கழகத்தின் செவியாள். நகராட்சியும் பல்கலைக்கழகமும் கைகோத்துக் கொண்டுவந்த ஒருமனத் திட்டத்தின் விதி எளிமையானது. ஒருவர் மறுத்தாலும் வேலை தொடங்காது. மறுப்பவர் வீட்டுக்கு வாரம் ஒரு மணி நேரம் யாராவது நேரில் போய்க் காதுகொடுத்துப் பேச வேண்டும். முதலில் இயந்திரத்தைத்தான் அனுப்பினார்கள். மக்கள் அதனிடம் சரி சரி என்று தலையாட்டிவிட்டு, மறுநாள் வேலை நடக்கும் இடத்தில் போய்க் கல்லெறிந்தார்கள். அதன் பிறகுதான் செவியாட்கள் வந்தார்கள்.

கூடவே மனமானியும் வந்தது. மறுப்பவரின் மணிக்கட்டில் கட்டினால் போதும். மறுப்பு உள்ளத்தில் இருந்தால் செவியாளின் பலகையில் சிவப்பு, கரைந்துவிட்டால் பச்சை. பச்சை வந்ததும் எழுதிக்கொண்டு வருகையை நிறுத்திவிட வேண்டும்.

"வா செண்பகம். தோசை தின்னுட்டுத்தானே பேசுவ?"

"தின்னுக்கிட்டே பேசுவோம்க்கா."

பாலத்துக்கு அடியில் மீன்படகுகள் நுழைய முடியாது என்பதுதான் பெர்னதெத்தின் முதல் மறுப்பு. நியாயமான மறுப்பு. நான்காவது வாரமே பாலத்தின் உயரத்தை இரண்டு மீட்டர் கூட்டிவிட்டார்கள். ஆனாலும் அவள் விடவில்லை. சத்தம் என்றாள், புறா எச்சம் போடும் என்றாள், போன வாரம் பாலத்துக்கு அடிக்கப்போகும் சாயத்தின் நிறம் சரியில்லை என்றாள். இப்படியே இன்றோடு நூற்றுப் பன்னிரண்டு வாரம் ஆகியிருந்தது. இன்றைக்கும் ஒன்று தயார்: பாலத்து விளக்கு வெளிச்சத்தில் மீன் மிரண்டுவிடும். ஆனால் செண்பகவல்லியின் முகம் சரியாக இல்லை.

"அக்கரையில திங்கக்கிழமை ஒரு பொண்ணுக்கு வலி எடுத்துருக்குக்கா. ஓடையில தண்ணி வத்திக் கெடந்ததால படகு நகரல. ரெண்டு மணி நேரம் சேத்துலயே நின்னுருக்கு. படகுலயே பிள்ளையப் பெத்துட்டா."

"ஐயோ. ரெண்டு உசுரும்?"

"நல்லாயிருக்காங்க."

பெர்னதெத் தோசைத் தட்டைத் தள்ளிவைத்தாள். வெட்கமாக இருந்தது. தன் வீட்டு மணி அடிக்க வேண்டும் என்பதற்காக யாரோ ஒருத்தியைச் சேற்றில் நிறுத்திவிட்டோம் என்று தோன்றியது.

"எனக்குச் சம்மதம். எழுதிக்கோ."

செண்பகவல்லி எழுதவில்லை.

"என்ன பாக்க? நெசமாத்தான் சொல்லுதேன். ஒம் பலகையப் பாரு, பச்சை காட்டும்."

"அது நாலாவது வாரமே பச்சைதான்க்கா."

பெர்னதெத் மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அப்போ எதுக்குட்டி இத்தன நாளா வந்த?"

"நீங்க எதுக்குப் புறாவையெல்லாம் இழுத்தீங்களோ, அதுக்குத்தான். வாராவாரம் கருவிக் கோளாறுன்னு எழுதி வச்சேன். குவாட்டர்ஸ்ல நானும் தனியாத்தானே இருக்கேன்."

பெர்னதெத் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "பாலம் வந்தா வந்துட்டுப் போவுது. நீ வியாழக்கிழம சும்மா வா. யாரு கேக்கப் போறா?"

"வர்றேன்க்கா." அப்போது இருவருமே அதை நம்பினார்கள்.

அடுத்த வியாழன் செண்பகவல்லி தெருமுனை வரை வந்தாள். கையில் பலகை இல்லை. கதவு திறந்தால் என்ன சொல்வது? எதற்காக வந்தேன் என்பது? காரணம் இல்லாமல் ஒரு வீட்டுக்குப் போன நினைவே அவளுக்கு இல்லை. கால் மணி நேரம் நின்றுவிட்டுத் திரும்பினாள். உள்ளே பெர்னதெத் பதினொரு மணிவரை காத்திருந்தாள். கூப்பிடலாம் என்று கைபேசியை எடுத்தாள். எதைச் சாக்காகச் சொல்வது என்று தெரியாமல் வைத்துவிட்டாள்.

சம்மதம் முடிந்த உரையாடல்கள் எல்லாம் பொதுவில் வெளியாக வேண்டும் என்பதும் விதி. பெர்னதெத் வீட்டில் பலகை பதிந்துவைத்த நூற்றுப் பன்னிரண்டு மணி நேரப் பேச்சும் எழுத்தாக வெளியானது. செண்பகவல்லி வேலை போய்விடும் என்று பயந்தாள். போகவில்லை. இருந்த செவியாட்களே ஆறு பேர்தான். ஆனால் ஊரே அதைப் படித்தது. கடைசிப் பக்கத்தைப் பலர் இரண்டு முறை படித்தார்கள்.

பல்கலைக்கழகத்துக்கும் மனசு உறுத்தியது. மக்கள் இவ்வளவு தனித்துப் போயிருக்கிறார்களே என்று நகராட்சியோடு உட்கார்ந்து பேசி, ஒரே மாதத்தில் புதுத் திட்டம் ஒன்றை அறிவித்தது. ஊர் நடுவே ஒரு சந்திப்பகம். காரணமே இல்லாமல் யாரும் வரலாம், யாரோடும் உட்காரலாம், டீ இலவசம். "இதை யார் மறுக்கப் போகிறார்கள்?" என்று துணைவேந்தர் சிரித்துக்கொண்டே கருத்துக்கேட்பைத் தொடங்கிவைத்தார்.

முதல் நாளே நாலாயிரத்து முந்நூற்றுப் பதினாறு மறுப்புகள் வந்தன.

பட்டியலைச் சரிபார்க்கும் வேலை செண்பகவல்லியிடம் வந்தது. முதல் பெயர் பெர்னதெத். மறுப்புக்கான காரணம் என்ற கட்டத்தை ஏறக்குறைய எல்லாருமே வெறுமையாக விட்டிருந்தார்கள். ஆறு செவியாட்களும் இந்த வரிசையை முடிக்கப் பதினோரு ஆண்டாகும், அதுவரை சந்திப்பகத்துக்கு ஒரு செங்கல்கூட வைக்க முடியாது என்று கணிப்பொறி கீழே குறித்திருந்தது.

அவள் வெகுநேரம் அந்தப் பெயர்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு புதுப் படிவம் ஒன்றைத் திறந்து தன் பெயரையும் குவாட்டர்ஸ் முகவரியையும் எழுதினாள். காரணத்தை அவளும் எழுதவில்லை. செவியாள் வர வசதியான நாள் எது என்று படிவம் கேட்டது.

எந்த நாளானாலும் சரி என்று எழுதினாள்.