மாத்துக்கு ஒரு பேர்

கையடக்க விளையாட்டுக் கன்சோலின் மேல் ஓரத்தில் பச்சை விளக்கு மின்னிக்கொண்டிருந்தது. குக்கரை இறக்கி வைத்துவிட்டு, நைட்டியில் கையைத் துடைத்துக்கொண்டே வந்த டீனா அதைப் பார்த்ததும் சிரித்தாள். அப்புறம்தான் அவளுக்கு உறைத்தது.

அந்த விளக்கு மின்ன வேண்டுமானால், இதே கன்சோலைப் பையில் வைத்திருக்கும் இன்னொரு ஆள் பத்தடிக்குள் நடந்து போயிருக்க வேண்டும். கெல்டோரா விளையாட்டில் அதற்கு ‘வழிப்போக்கன்’ என்று பெயர். இரண்டு பேர் தெருவில் ஒருவரையொருவர் கடந்தால் போதும், அவருடைய வீரன் உங்கள் கன்சோலுக்கு விருந்தாளியாக வந்து ஏதாவது கேட்பான், பதில் வாங்கிக்கொண்டு போவான். முன்பு பெரிய ஊர் ரயில்களில் நாளெல்லாம் விளக்கு மின்னிக்கொண்டே இருக்குமாம். ஆனால் தங்கச் சுரங்கம் மூடிப்போன கோரமண்டலில், தொழிலாளிகளுக்குக் கட்டிய இந்தத் தகரக் கூரை லைன் வீடுகளில், கன்சோல் வைத்திருக்கிற ஒரே பைத்தியம் டீனாதான். இது லைனுக்கே தெரிந்த கதை.

ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தாள். தங்கம் பிரித்தெடுத்த கழிவு மண் குவிந்த சயனைடு மேட்டிலிருந்து காற்று சாம்பல் நிறத் தூசியை வாரிக்கொண்டு வந்து சந்து முழுக்க இறைத்திருந்தது. பக்கத்து வீட்டு பாக்யலட்சுமி துணிகளை உதறி உதறி எடுத்து மடித்துக்கொண்டிருந்தாள்.

“அக்கா, இந்தப் பக்கம் யாருனா போனாங்களா?”

“இந்தத் தூசியில எவன் போவான்? நீ ஜன்னலச் சாத்து மொதல்ல.”

தரையில் பாக்யலட்சுமியின் செருப்புத் தடம் மட்டும்தான் இருந்தது. டீனா ஜன்னலைச் சாத்தினாள்.

பதினோரு வருஷம் காக்க வைத்துவிட்டு கெல்டோராவின் ஏழாம் பாகத்தை அறிவித்திருந்தார்கள். இந்த வாரம்தான் டெமோ வந்தது. அன்றிலிருந்து ‘கெல்டோரா தமிழ்’ சேனலில் அடுப்பில் வைத்த பால் மாதிரி சண்டை பொங்கிக்கொண்டிருந்தது. பழைய புள்ளிப் படம்தான் அழகு, புதுசு பொம்மைக்கடை மாதிரி இருக்கிறது என்று ஒரு கட்சி. மூன்றாம் பாகத்தின் இசைக்கு ஈடு உண்டா என்று இன்னொரு கட்சி. வழிப்போக்கன் திரும்பி வந்ததே போதும் என்று ஆனந்தக் கண்ணீர் விட்டவர்கள் பாதிப் பேர், பக்கத்தில் விளையாட நாதியில்லாத எங்களுக்கு அதனால் என்ன லாபம் என்று கொதித்தவர்கள் மீதிப் பேர். எல்லாரையும் கட்டி மேய்க்கிற சேனல் முதலாளி டீனா. மேய்ப்பதில் அவளுக்கு ஒரு பெருமையும் உண்டு.

விருந்தாளியைத் திறந்தாள்.

திரையில், சத்திரத்து வாசலில் ஒருத்தன் நின்றிருந்தான். தலையில் விளக்கு வைத்த தொப்பி. மற்ற வீரர்களுக்கெல்லாம் கண், மூக்கு, வாய் என்று இருக்கும். இவனுக்கு முகம் இருக்க வேண்டிய இடத்தில் இருட்டு மட்டும்தான். தலைக்கு மேல் பெயர் எழுதியிருந்தது. மரியகுழந்தை.

டீனாவுக்கு இருந்த கொஞ்சநஞ்ச பயமும் பறந்துபோயிற்று. தமிழ்! கெல்டோராவில் தமிழ் எழுத்தே கிடையாது. வேண்டும் என்று இவர்கள் எத்தனையோ மனு போட்டு, கையெழுத்து வாங்கி, கெஞ்சிக் கூத்தாடியும் கம்பெனி வாயைத் திறக்கவில்லை. இப்போது சொல்லாமல் கொள்ளாமல் வந்து நிற்கிறது. உலகத்திலேயே இதை முதலில் பார்த்தவள் இவள்! ஆசை யாரை விட்டது? படம் எடுத்துச் சேனல் குழுவில் போட்டுவிட்டாள்.

பினாங்கில் இருக்கும் ஒருத்தர் அழுதுவிட்டேன் என்று எழுதினார். இரண்டு பேர் எழுத்துரு அசிங்கமாக இருக்கிறது என்றார்கள், அவர்களுக்குத் தேவலோகத்தைக் கொடுத்தாலும் ஜன்னல் சின்னது என்பார்கள். பெங்களூர் சரத், குழுவிலேயே விவரமான பையன், “அக்கா, எடிட் பண்ணி வெளையாடாதீங்க” என்று ஒரே வரியில் முடித்துவிட்டான்.

அதுதான் டீனாவுக்குச் சுருக்கென்றது. லைவ் போட்டுக் காட்டிவிட்டால் யார் வாய் பேசும்? லேப்டாப்பை மேசையில் வைத்து, நெட் டாங்கிளைச் செருகி, கேமராவைத் திருப்பினாள்.

வெளியே வெளிச்சம் மங்கத் தொடங்கியிருந்தது. ஃப்ரெடி வருகிற ரயில் பங்காரப்பேட்டையைத் தாண்டியிருக்கும். விடியுமுன் எழுந்து பெங்களூருக்கு ஓடி, இருட்டிய பிறகு வீடு திரும்புகிற மனுஷன். இந்தக் கன்சோலே அவள் பிறந்தநாளுக்கு அவன் வாங்கித் தந்ததுதான். அவனுக்கு விளையாட வராது, ஆனால் அவள் விளையாடும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பான். அதற்காகவே தன் படையில் வைத்தியனுக்கு அவன் பெயரை வைத்திருந்தாள். எந்தச் சண்டையிலும் முதலில் விழுகிறவன் வைத்தியன் ஃப்ரெடிதான், சேனலில் அது ஒரு பெரிய நகைச்சுவை.

“பாத்துக்கோங்க ஜனங்களே, எடிட்டும் இல்ல, ஒண்ணும் இல்ல” என்று கன்சோலைக் கேமராவுக்கு நேரே பிடித்துப் பொத்தானை அழுத்தினாள்.

மரியகுழந்தை பேசினான். கட்டத்துக்குள் எழுத்து ஒவ்வொன்றாக, மூச்சு வாங்குகிற மாதிரி நின்று நின்று வந்தது.

மாத்து வந்தாச்சா?

டீனாவின் கை ஒரு நொடி நின்றது. இது அவள் அப்பா காலத்துப் பேச்சு. சுரங்கத்துக்குள் ஷிஃப்ட் முடிந்தாலும், மாற்று ஆள் வராமல் ஒருத்தன் தன் இடத்தைவிட்டு அசையக் கூடாது. இருட்டுக்குள்ளிருந்து “மாத்து வந்தாச்சா?” என்று குரல் கொடுப்பான். காதில் விழுந்தவன், வருகிற ஆளின் பெயரைச் சொல்லிப் பதில் குரல் கொடுத்தாக வேண்டும். கொடுக்காமல் போனால் கீழே இருப்பவன் நின்றுகொண்டே இருப்பான், அதைவிடப் பாவம் கிடையாது என்பார்கள். சுரங்கம் மூடி, உள்ளே தண்ணீர் ஏறி, வருஷங்கள் ஓடிவிட்டன. பேச்சு மட்டும் லைன் பிள்ளைகளின் கண்ணாமூச்சியில் தங்கிவிட்டது. ஒளிந்திருக்கிற பிள்ளை அப்படித்தான் கேட்கும். வேறொரு பிள்ளையின் பெயரைச் சொன்னால், அது உள்ளே போகும், இது வெளியே வரும். டீனாவும் எத்தனையோ சாயங்காலம் அந்தக் கேள்விக்கு யோசிக்காமல் பதில் கத்தியவள்தான்.

எங்கோ வெளிநாட்டில் உட்கார்ந்து கதை எழுதுகிறவனுக்கு இது எப்படித் தெரியும்? அந்தக் கேள்வி மனசில் எழுந்தது. ஆனால் லைவில் ஆட்கள் ஏறிக்கொண்டே இருந்தார்கள், அவள் சேனல் இத்தனை பேரைப் பார்த்ததே இல்லை.

பழைய பாகங்களில் பதிலுக்கு ‘வணக்கம்’, ‘நல்வாழ்த்து’ என்று ஆங்கிலத்தில் நாலு வார்த்தை வரும். இப்போது அவள் படையில் இருந்தவர்களின் பெயர்கள் வந்தன.

“இது எங்க ஊர் வழக்கம்பா! யாருனா ஒருத்தர் பேர் சொல்லணும். யார அனுப்பலாம், சொல்லுங்க!”

கேட்டிருக்கவே வேண்டாம். ஃப்ரெடி, ஃப்ரெடி, வைத்தியனை அனுப்பு, எப்படியும் சாகத்தானே போறான் என்று திரை நிரம்பியது. சிரிக்கிற பொம்மைகள் பொழிந்தன. டீனாவும் சிரித்தாள். சிறுபிள்ளையாக இருந்தபோது கத்திய அதே ராகத்தில் “மாத்து ஃப்ரெடி! மேல வா!” என்று சத்தமாகச் சொல்லி, அந்தப் பெயரை அழுத்தினாள்.

கரண்ட் போயிற்று.

லேப்டாப் வெளிச்சம் மட்டும் மிச்சம். மின்விசிறி சுற்றி ஓய்ந்ததும் வீட்டில் அதுவரை கேட்காத ஒரு சத்தம் கேட்டது, தரைக்கு அடியில், ரொம்ப ஆழத்தில், இரும்புக் கயிறு சுற்றிய சக்கரம் எண்ணெய் இல்லாமல் உருளுகிற சத்தம், அதோடு கூடவே ஈர மண் வாடையும் சுரங்கத்துக் கார்பைடு விளக்கு அணைந்தால் வருகிற பூண்டு நெடியும் சேர்ந்து சமையலறைப் பக்கமிருந்து மெதுவாக ஏறி வந்தது. டீனா காலைத் தூக்கி நாற்காலிமேல் வைத்துக்கொண்டாள். ஏதோ லாரி போகிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

கன்சோலில் வைத்தியன் ஃப்ரெடி இல்லை. அவன் இடத்தில் மரியகுழந்தை நின்றான். முகத்து இருட்டில் இப்போது இரண்டு கண்கள் இருந்தன.

சரத் எழுதினான். “அக்கா, கம்பெனி இப்பதான் அறிவிச்சிருக்கு. டெமோல வழிப்போக்கன் இன்னும் ஆன் பண்ணவே இல்லையாம். உங்களுக்கு எப்படி வருது?”

அதற்குக் கீழே யாரோ, அப்போ இது ரகசிய விளம்பரம், செம ஐடியா என்று எழுதினார்கள். எல்லாரும் கைதட்டினார்கள்.

டீனா ஃப்ரெடிக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுத்தான்.

“இன்னா டீனா, எறங்கிட்டேன். நடந்துகினு இருக்கேன். கரண்ட் இல்லியா அங்க?”

குரலைக் கேட்டதும் அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. “எந்தப் பக்கம் வர்றீங்க?”

“பழைய சொரங்க ஷாஃப்ட் பக்கந்தான். சுருக்குவழி.”

“வேணாம்ங்க. ரோட்டுப் பக்கம் போங்க. நான் சொல்றதக் கேளுங்க.”

“இன்னாம்மா ஆச்சு உனுக்கு?” சிரித்தான். சிரிப்பு பாதியில் நின்றது. “இங்க இன்னா இவ்ளோ பேர் நிக்கிறாங்க? விளக்கு வெச்சிகினு, வரிசையா. ஏதோ ஷூட்டிங் போல.”

“ஃப்ரெடி, திரும்பி ஓடுங்க.”

“இரு, இரு. யாரோ பேர் கூப்புடறாங்க.”

அவளுக்கும் கேட்டது. தூரத்திலிருந்து, கரகரத்த தொண்டையில், ஒரு குரல் அவள் புருஷன் பெயரைச் சொன்னது. ஷிஃப்டுக்குப் பெயர் வாசிக்கிற குரல்.

“பதில் சொல்லாதீங்க! ஏங்க, பதில் மட்டும் சொல்லாதீங்க!”

ஆனால் ஃப்ரெடி லைன் வீட்டில் பிறந்தவன். அவன் அப்பாவும் தாத்தாவும் அந்தக் குரலுக்கு வாழ்நாளெல்லாம் பதில் சொன்னவர்கள். யோசிக்கவே இல்லை.

“இருக்கேன்!”

சுரங்கத்தில் ஆளை இறக்குகிற கூண்டின் இரும்புக் கதவை இழுத்துச் சாத்துகிற சத்தம். மணி. ஃப்ரெடி “ஏய், ஏய்” என்றான். அவ்வளவுதான். அப்புறம் காற்று. கீழே, கீழே, கீழே போகிற காற்று. தண்ணீர் சொட்டுகிற சத்தம். பலபேர் இருமுகிற சத்தம்.

போன் அணைந்தது.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான்தானே சொன்னேன், நான்தானே சொன்னேன் என்று டீனா தலையில் அடித்துக்கொண்டாள். கன்சோலை எடுத்து எல்லாப் பொத்தானையும் மாற்றி மாற்றி அழுத்தினாள். அது ஐஸ் மாதிரி குளிர்ந்திருந்தது. அதன் இடுக்குகளிலிருந்து சாம்பல் நிறத் தண்ணீர் கசிந்து அவள் விரல்களில் வழிந்தது.

வாசலில் பூட்ஸ் சத்தம்.

கதவு தாழிட்டிருந்தது. திறந்துகொண்டது.

ஒருத்தன் உள்ளே வந்தான். வந்து, வாசலை ஒட்டியே தரையில் உட்கார்ந்து, ரொம்ப நாள் நின்று களைத்தவன் மாதிரி காலை நீட்டினான். விளக்கு வைத்த தொப்பியிலிருந்து தண்ணீர் ஓடியது. சட்டை ஃப்ரெடியினுடையது, காலையில் அவள்தான் இஸ்திரி போட்டுக் கொடுத்தாள். கழுத்தில் ஃப்ரெடியின் ஆபீஸ் அடையாள அட்டை தொங்கியது. அட்டைப் படத்தில் இருந்தது இவன் முகம். ஊறி வெளுத்த முகம்.

“நல்லா இரும்மா” என்றான். குரலில் நன்றி இருந்தது, உண்மையான நன்றி. “எவ்ளோ நாளா கேக்கறேன். ஒருத்தரும் குரல் குடுக்கல. நீதான் குடுத்த.”

“அவர விட்டுருங்க. கும்புடறேன், அவர அனுப்பிடுங்க.”

“அது அவருக்கு மாத்து வந்தா நடக்கும்.” அவன் வாசலுக்கு வெளியே கையைக் காட்டினான். “ஆனா அவரு கடைசிம்மா. இவங்க எல்லாம் முன்னால நிக்கிறாங்க.”

டீனா பார்த்தாள். தூசி அடங்கியிருந்தது. சந்து நெடுக விளக்குகள். தலைக்கு ஒரு விளக்கு. வாசல்படியில் தொடங்கி, பாக்யலட்சுமி வீட்டைத் தாண்டி, லைன் முடிகிற இடத்தைத் தாண்டி, பழைய ஷாஃப்டின் இரும்புக் கோபுரம் வரைக்கும். யாரும் தள்ளவில்லை. யாரும் பேசவில்லை. ஒழுங்காக நின்றார்கள்.

முதலில் நின்றவன் தொப்பியைக் கழற்றி மார்போடு அணைத்துக்கொண்டு, மரியாதையாகக் குனிந்தான்.

“மாத்து வந்தாச்சாம்மா?”

டீனா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். சொல்ல மாட்டேன். ஒரு பெயரும் சொல்ல மாட்டேன். பல்லைக் கடித்தாள். நாக்கில் ரத்தம் உப்புக் கரித்தது.

மேசைமேல் லேப்டாப் வெளிச்சமாக இருந்தது. லைவ் அணையவில்லை. கேமரா வாசலைப் பார்த்திருந்தது.

ஐயோ செம மேக்கப் என்று ஒருத்தர் எழுதியிருந்தார். இதுவரை வந்த பாகங்களிலேயே இதுதான் பெஸ்ட் என்று இன்னொருத்தர். அதற்குக் கீழே, அக்கா அடுத்து என்னை அனுப்புங்க, என் பேர் ராகேஷ். எனக்கும் ஒரு சான்ஸ், ஷில்பா, மைசூர். என் தம்பி பேர் போடுங்க. என் ஃப்ரெண்டு பேர் போடுங்க. பெயர்கள், பெயர்கள், படிக்க முடியாத வேகத்தில் மேலே ஏறிக்கொண்டிருந்தன.

வாயைப் பொத்திய கையை எடுத்து லேப்டாப்பை நோக்கிப் பாய்ந்தாள். தரையில் உட்கார்ந்திருந்தவன் அவள் கணுக்காலைப் பிடித்தான். மெதுவாகத்தான் பிடித்தான்.

வாசலில் நின்றவன் திரையைப் பார்த்து, ஒரு பெயரை எழுத்துக் கூட்டிப் படித்தான். தலையை ஆட்டினான். தொப்பியைப் போட்டுக்கொண்டு உள்ளே வந்தான்.

வரிசை ஒரு அடி முன்னால் நகர்ந்தது.