கம்பளி திணித்த பியானோ

அந்தச் சத்தம் அன்றைக்கே கேட்டதா, இல்லை இத்தனை வருஷத்தில் தானாகச் சேர்த்துக்கொண்டதா என்று அவளுக்கு நிச்சயமில்லை. தன் நினைவை நம்புவதை அவள் விட்டு வெகுநாளாகிறது. ஆனால் இந்த மழை மத்தியானத்தில், நனைந்த துணியின் வாடை வீடு முழுக்க அடைந்திருக்க, டிவியில் அவளுடைய பழைய படம் ஓடிக்கொண்டிருக்க, இசைக்கு அடியில் மரத்தை மரம் தட்டுகிற மாதிரி ஒன்று விடாமல் கேட்டுக்கொண்டிருந்தது. டொக், டொக்.

படத்தில் அது இருக்க வழியே இல்லை. இசையை முன்பே பதிவு செய்து, படப்பிடிப்பில் ஒலிபெருக்கியில் போடுவார்கள். பியானோவின் தந்திகள்மேல் கம்பளியைத் திணித்து அதை ஊமையாக்கிவிடுவார்கள். கட்டைகளை அழுத்தினால் எழுகிற அந்த மரச்சத்தத்தைக் கேட்டவர்கள் இரண்டே பேர். முன்னால் உட்கார்ந்திருந்த அவள். அவள் முதுகோடு ஒட்டி மண்டியிட்டிருந்த அக்கா.

பியானோக்காரி என்றுதான் ஊரே அவளைக் கொண்டாடியது. அவளுக்கு ஒரு வரிகூட வாசிக்கத் தெரியாது. கவுனின் முதுகைப் பிரித்து, அக்காவின் கைகளைச் சட்டைக்கைகளுக்குள் நுழைத்து, அக்காவின் தலைமேல் கறுப்புச் சால்வையைப் போட்டு மூடுவார்கள். தன் கைகளை அவள் பின்னால் கட்டிக்கொள்வாள். பிறகு சிரித்தால் போதும்.

"உன் மூஞ்சி, என் கை. மிச்ச உடம்பு யாருதுன்னு டைரக்டரையே கேளு" என்பாள் அக்கா உள்ளேயிருந்து.

"பேசாதேக்கா, முதுகு கூசுது."

"எனக்கு இழுப்பு வந்தா நெத்தியால முட்டுவேன். உடனே நிறுத்தச் சொல்லிடு. வேற யாருக்கும் தெரியாது, பாத்துக்க."

அந்தப் பியானோவே இப்போது இந்த ஹாலில் இருக்கிறது. ஸ்டுடியோவை மூடியபோது வாங்கிவந்தாள். ஏன் வாங்கினாள் என்று அவளுக்கே தெரியவில்லை. கம்பளியை அவள் எடுக்கவில்லை. இன்று மழைக்குளிருக்குக் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு, அதன் முக்காலியில், அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். டிவிக்கு முன்னால் தரையில் அக்கா மகள். கைக்குழந்தையாக அவள் தூக்கிவந்து வளர்த்த பெண்.

"சித்தி, அம்மா கை! சுண்டுவிரல் பாருங்க, என்னுது மாதிரியே கோணல்."

"ம்."

"ஐயோ, உங்க சிரிப்பு. வீட்ல ஒரு நாளாவது என்னைப் பாத்து இப்படிச் சிரிச்சிருக்கீங்களா?"

அவள் திரையையே பார்த்தாள். இந்த இடம்தான். விளக்குகளின் சூடு, முகப்பூச்சு உருகுகிற வாசனை, இது சரியாக வராவிட்டால் வேறு ஒருத்தியைப் போட்டுக்கொள்வேன் என்று காலையில் டைரக்டர் சொன்னது. கேமரா அவள் முகத்தை நோக்கி மெல்ல வந்துகொண்டிருந்தது. முதுகில் ஒரு முட்டல். அவள் சிரித்தாள். இன்னொன்று, பலமாக. இன்னும் அழகாகச் சிரித்தாள். பிறகு முட்டவில்லை. முதுகில் ஈரமாக ஒரு பாரம் மட்டும் சாய்ந்துகொண்டது.

திரையில் இப்போது அவள் முகம் மட்டும் இருந்தது. கைகள் அதற்குள் கட்டைகளிலிருந்து வழுக்கி விழுந்துவிட்டன. அது அவளுக்குத் தெரியும்.

டொக், டொக்.

நிற்கவில்லை. சத்தம் டிவியிலிருந்து வரவில்லை.

அக்கா மகள் டிவியின் சத்தத்தைக் குறைத்தாள். "சித்தி, இதை எடுத்தப்ப அம்மா நல்லாத்தானே இருந்தாங்க?"

"நல்லாத்தான் இருந்தா."

"அப்புறம் மேக்கப் ரூம்ல தூங்கும்போதுதான..."

முதுகில் ஒரு முட்டல்.

சின்னதாக. எலும்பின்மேல். சுவருக்கும் அவளுக்கும் நடுவே பியானோ மட்டும்தான் இருந்தது. கழுத்தடியில் வெதுவெதுப்பாக ஒரு மூச்சு இழுபட்டது. முட்டினால் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் அன்று பேசிக்கொண்டது. சொல்வதற்கு இப்போது எல்லாம் இருந்தது. நேரம். வாய். கேட்பதற்கு அந்தப் பெண்.

இன்னொரு முட்டல், பலமாக.

"சொல்லுங்க சித்தி. அம்மா கஷ்டப்படலையே?"

"இல்லம்மா. தூக்கத்துலயே போயிட்டா. நான் பக்கத்துல இருந்திருந்தா கூப்பிட்டிருக்க மாட்டேனா?"

முட்டல் நின்றது.

அவள் கைகள் சட்டைக்கைகளிலிருந்து உருவிக்கொண்டு தாமாகப் பின்னால் போயின. முக்காலி மெல்லப் பியானோ பக்கம் திரும்பியது. காலியான கம்பளிச் சட்டையின் கைகள் மறுபடி நிரம்பின. கோணல் சுண்டுவிரல் முதலில் வெளியே வந்தது.

டைரக்டர் அந்தப் படத்துக்குப் பிறகு பல படங்கள் எடுத்துவிட்டு மூப்பில் செத்துப்போனார். ஸ்டுடியோ இருந்த இடத்தில் இப்போது கார்களை நிறுத்துகிறார்கள். அந்த மழை நாளுக்குப் பிறகு அக்கா மகள் கல்யாணமாகி வெளியூர் போய்விட்டாள். அம்மா நிம்மதியாகப் போனாள் என்றுதான் தன் குழந்தைகளுக்கும் சொல்லியிருக்கிறாள். எப்போதாவது போன் செய்து, "ஏதோ தட்டுற சத்தம் கேக்குதுன்னு பக்கத்து வீட்டுல சொல்றாங்களே, என்ன சித்தி அது?" என்று கேட்பாள். யாரோ போனை எடுத்துக் காதில் வைத்திருப்பார்கள். பதில் மட்டும் வராது.

அவள் பியானோ முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். கைகள் முதுகுக்குப் பின்னால். நிறுத்தச் சொல்ல ஆள் இல்லாததால், முகத்தில் அதே சிரிப்பு.