மாயாண்டிக்கு வந்த ஹெலிகாப்டர்

அது பேக்டரி இரைச்சல் என்றுதான் செல்லசாமிக் கங்காணி முதலில் நினைத்தார். கீழே பள்ளத்தில், கொழுந்து வாட்டும் மாடியில் பெரிய காற்றாடிகள் ஓடும்போது மலை முழுக்க ஓர் உறுமல் பரவும். ஆனால் அந்தத் திங்கட்கிழமை பேக்டரி ஓடவில்லை; இயந்திரம் பழுதென்று காலையிலேயே நிறுத்தியிருந்தார்கள். இந்தச் சத்தம் பள்ளத்திலிருந்து வரவுமில்லை. தலைக்கு மேலே, தேயிலைச் செடிகளை மூடிக்கொண்டு அக்கரப்பத்தனைப் பக்கமிருந்து இறங்கிவந்த மூடுபனிக்குள், எங்கோ மிகத் தொலைவில் யாரோ ஈரத் துணியைக் கல்லில் விடாமல் அடித்துக்கொண்டிருப்பதுபோல் வந்தது.

டப், டப், டப், டப்.

"என்னமோ சத்தம் கேக்குதில்ல?" என்றார்.

நிரையில் நின்ற பெண்கள் யாரும் தலை தூக்கவில்லை. கடைசி நிரையில் நின்ற வேலாயி மட்டும் கொழுந்து பறிப்பதை நிறுத்தினாள். அவள் வானத்தைப் பார்க்கவில்லை. அவரைப் பார்த்தாள்.

முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை வரை இந்த வேலாயியைக் கண்டு அவர் பயந்ததில்லை. அவள் மாயாண்டியின் பெண்சாதி. உலகச் சண்டைக் காலத்தில் இலங்கை மலைநாட்டின் இந்தத் தோட்டத்திலிருந்து மூன்று பேர் இந்தியாவுக்குப் போய்ப் பட்டாளத்தில் சேர்ந்தார்கள். செல்லசாமி, பழனியாண்டி, மாயாண்டி. மூவரும் பர்மாக் காட்டில் வேவு பார்க்கப் போன ஒரு சிறு படையோடு மூட்டை சுமந்து போனவர்கள். ஆற்றங்கரையில் ஜப்பான்காரன் வளைத்துக்கொண்டான். மற்றவர்கள் சிதறிப்போக, இந்த மூவரும் ஆற்றின் நடுவே ஒரு மணல்திட்டில் மாட்டிக்கொண்டார்கள். அங்கேதான் அந்த ஹெலிகாப்டர் வந்து இறங்கியது. ஓட்டுகிறவனைத் தவிர ஒரே ஒரு ஆள்தான் அதில் ஏறலாம். முதல் தடவை, வயிற்றில் குண்டு பட்டிருந்த பழனியாண்டியைக் கொண்டுபோனது. இரண்டாம் தடவை, முழங்கால் சிதறிக் கிடந்த மாயாண்டிக்காக வந்தது. திரும்பிப் போகும்போது அதில் செல்லசாமி இருந்தார்.

"ரெண்டாவது தரம் வாறதுக்குள்ள மாயாண்டி என் மடியிலயே போயிட்டான். வேலாயியப் பாத்துக்கன்னு சொன்னதுதான் கடைசி." பன்னிரண்டு வருஷமாக இதையே சொல்லிவந்தார். தானும் பட்டாளத்தில் இருந்த தோட்டத்துத் துரைக்கு அந்தக் கதை பிடித்துப்போனது. அதைக் கேட்டுத்தான் கங்காணி வேலையே கொடுத்தார்.

பழனியாண்டி லிந்துலையில் சிறு கடை வைத்திருந்தான். ஞாயிறுதோறும் தோட்டத்துக்கு வந்து, லயத்தின் வரிசை வீடுகளில் செல்லசாமி வீட்டு வாசலில் உட்கார்ந்து இருவரும் சண்டைக் கதை பேசுவார்கள். பிள்ளைகள் சுற்றி நின்று கேட்கும். குண்டுகள் தண்ணீரில் விழுந்த விதத்தை, ஹெலிகாப்டரின் காற்றில் நாணல் படுத்துக்கொண்டதை, மணல் கண்ணில் அடித்ததை எல்லாம் செல்லசாமி கையை ஆட்டி ஆட்டிச் சொல்வார். அந்த ஞாயிறு பழனியாண்டி பிள்ளைகளை விரட்டிவிட்டான். தேத்தண்ணியைத் தொடவில்லை.

"நானுஓயா டேசன்ல நம்ம வயர்லஸ்காரனப் பாத்தேன்."

"எந்த வயர்லஸ்காரன்?"

"நம்மளோட பர்மாவுல இருந்தவன்தான். அக்கரையில ஒளிஞ்சு கெடந்திருக்கான். கரையெல்லாம் ஜப்பான்காரன் இருந்ததால ஆத்தக் கடக்க முடியலையாம். எல்லாத்தையும் பாத்துக்கிட்டே கெடந்தேன்னான்." பழனியாண்டியின் குரல் இறங்கியது. "மாயாண்டி ஒன் மடியில சாகல செல்லசாமி. நாணலுக்குள்ள அவனப் படுக்க வச்சுட்டு, நீ மட்டும் ஓடிப்போய் ஏறுனியாம். நாலு நாள் உசுரோட கெடந்திருக்கான். மேல எந்தப் ப்ளேன் சத்தம் கேட்டாலும் கையத் தூக்குவானாம். நாலாம் நாளு கையி எறங்கிப்போச்சாம்."

"பொய்யி. அவன் பொய் சொல்றான்."

"அப்ப என் கண்ணப் பாத்துச் சொல்லுடா."

செல்லசாமி பார்க்கவில்லை. பின்னால் பீலிக்கரையில் குடம் நிரம்பி வழிகிற சத்தம் கேட்டது. திரும்பினால் வேலாயி குடத்தை விட்டுவிட்டு நின்றுகொண்டிருந்தாள்.

"நாலு நாளா அண்ணே?" என்று பழனியாண்டியிடம் கேட்டாள்.

"ஆமா" என்றான் பழனியாண்டி. அவள் அழவில்லை. வீட்டுக்குள் போனாள். கொஞ்ச நேரத்தில் அம்மி ஓடும் சத்தம் கேட்டது. பிறகு காரம் வந்தது. லயம் முழுக்க மூக்கும் தொண்டையும் எரிய, பிள்ளைகள் இருமிக்கொண்டு வெளியே ஓடிவர, பச்சைத் தண்ணீரில் அரைத்த காய்ந்த மிளகாயின் நெடி. இரண்டு கையிலும் அந்தச் சிவந்த விழுதை அள்ளிக்கொண்டு, ஆறாம் மலை என்ற தேயிலைச் சரிவின் ஓரத்து முனியாண்டி கல்லுக்கு அவள் நடந்து போனாள். அநியாயம் செய்தவனைச் சாமியிடம் ஒப்படைக்கிறவர்கள் செய்வதுபோல், கல்லின் தலையிலிருந்து கால்வரை பூசினாள். அவள் உதடு அசைந்ததை செல்லசாமி தூரத்திலிருந்து பார்த்தார். என்ன கேட்டாள் என்பது அவருக்குக் கேட்கவில்லை.

அதற்கு மறுநாள்தான் அந்தச் சத்தம் தொடங்கியது.

செவ்வாய்க்கிழமை அது கிட்டே வந்துவிட்டது. பெரட்டுக்களத்தில் ஆட்களை எண்ணி நிறுத்தும்போதே கேட்டது. மத்தியானம் வீட்டுக்குச் சாப்பிட வந்தபோது லயத்துத் தகரக் கூரை அதிர்ந்தது. ஆணிகள் ஒவ்வொன்றும் தனித்தனியாக நடுங்குவதை அவரால் கேட்க முடிந்தது. தட்டில் இருந்த சோற்றின் மேல் ஏதோ பொலபொலவென்று விழுந்தது. தொட்டுப் பார்த்தார். வெள்ளை மணல். அந்த மலையில் எங்கேயும் இல்லாத, மாவுபோன்ற ஆற்றுமணல்.

தட்டை ஒதுக்கிவிட்டு வேலாயி வீட்டு வாசலுக்குப் போனார்.

"வேலாயி, அந்தக் கல்லக் கழுவி விட்ரு. தண்ணி ஊத்திக் குளுர வையி. ஒனக்கு என்ன வேணும்னாலும் செய்றேன்."

அவள் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"அவரு கூப்புட்டாரா கங்காணி?"

"என்ன?"

"நீங்க ஏறிப் போறப்ப. பின்னால கூப்புட்டாரா?"

கூப்பிட்டான். இயந்திர இரைச்சலையும் மீறி அவன் கூப்பிட்டது கேட்டது. ஓட்டுகிற வெள்ளைக்காரன், இன்னொருவன் எங்கே என்று கையால் கேட்டான். செல்லசாமி தலையை ஆட்டி, இல்லை என்றார். அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. திரும்பி நடந்தார். முதுகுக்குப் பின்னால் அரிசி முறத்தில் விழுந்து எழும் சத்தம் மட்டும் ஒரே சீராகத் தொடர்ந்தது.

புதன்கிழமை அந்திக்குக் கொஞ்சம் முன்னால், கொழுந்து நிறுத்து முடிந்து பெண்கள் இறங்கிய பிறகு, ஆறாம் மலையில் அவர் தனியாக மாட்டிக்கொண்டார். மூடுபனி ஒரே நிமிஷத்தில் விழுந்தது. நீட்டிய கை தெரியவில்லை. சத்தம் நேர் மேலே வந்து நின்றது.

நின்றுவிட்டது. நகரவில்லை.

காற்று கீழ்நோக்கி அடித்தது. அவரைச் சுற்றி வட்டமாகத் தேயிலைச் செடிகள் படுத்தன. தலைப்பாகை பறந்தது. ஆற்றுச் சேற்றின் வாடை. அழுகிய புண்ணின் வாடை. செடிகளுக்கு நடுவே, தரையோடு தரையாக, ஏதோ ஒன்று முழங்காலை இழுத்துக்கொண்டு வந்தது.

செல்லசாமி ஓடினார். கல். வேர். சரிவு. கால் வைத்த இடத்தில் தரை இல்லை.

தண்ணீர் வடிவதற்காக வெட்டிய ஆழமான கானில் மல்லாக்க விழுந்தார். இடுப்புக்குக் கீழே ஒன்றும் தெரியவில்லை. கால்களை அசைக்கப் பார்த்தார். அவை யாருடையவையோபோலக் கிடந்தன.

எவ்வளவு நேரமோ. பிறகு குரல்கள். லயத்து ஆட்கள் தேடி வந்திருந்தார்கள். அரிக்கன் லாம்பு வெளிச்சம் பனியில் மஞ்சளாக ஆடியது.

"கங்காணி! ஓய், செல்லசாமி கங்காணி!" மூக்கனின் குரல். இருபது அடி தூரம்கூட இல்லை.

கத்தினார். தொண்டை கிழியக் கத்தினார். மேலே நின்ற இரைச்சல் அந்தக் கத்தலை அப்படியே விழுங்கியது. அவருடைய காதுக்கே அது வந்து சேரவில்லை.

கான் விளிம்பில் ஒரு முகம் எட்டிப் பார்த்தது. வேலாயி. அவருடைய திறந்த வாயைப் பார்த்தாள். கண்ணைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"வேலாயி, அங்கிட்டு ஏதாச்சும் தெரியுதா?" மூக்கன் கேட்டான்.

"இல்லண்ணே. இங்க யாருமில்ல. கீழ ஆத்துப் பக்கம் போய்ப் பாருங்க."

காலடிகள் இறங்கின. வெளிச்சம் மங்கியது. அவள் போகவில்லை. தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டிக் குவித்திருந்த மிலாறுக் குச்சிகளை வாரி வாரி எடுத்து வந்தாள். அவசரமில்லாமல், ஒரு பாயை விரிப்பதுபோல், கானின் மேல் பரப்பினாள். கடைசியாக முகத்துக்கு மேலே ஒரு கை அகலம் மட்டும் திறந்து வைத்தாள். வானம் தெரிய.

"இருங்க" என்றாள். போய்விட்டாள்.

இரைச்சல் நின்றது. ஒரே அமைதி. மிலாறிலிருந்து பனி சொட்டியது.

அப்போதுதான் மூச்சுச் சத்தம் கேட்டது. அவருடையதல்ல. பக்கத்தில். அந்தக் குறுகலான கானில், அவருடைய தோளை ஒட்டி, ஈரமாக ஒருவன் மல்லாந்து கிடந்தான். திரும்பிப் பார்க்க முடியவில்லை. வேண்டியிருக்கவும் இல்லை. விரல்கள் அவருடைய மணிக்கட்டைத் தேடின. பிடித்தன. மணல் ஒட்டிய, தோல் உரிந்த, குளிர்ந்த விரல்கள். மெதுவாக அவருடைய கையை மேலே தூக்கின.

திறந்திருந்த அந்தச் சிறு இடைவெளி வழியே இரண்டு கைகளும் வெளியே நீண்டன. ஒன்றையொன்று பிடித்தபடி, மூடுபனிக்குள், ஒன்றுமே வராத வானத்தை நோக்கி நின்றன.