கையைத் தூக்காதே!

"ஆ...!"

வானத்திலிருந்து வந்தது அந்த அலறல்.

ஹெலிகாப்டருக்கு அடியில் கயிற்றில் தொங்கி வந்த குழந்தைசாமி, அய்யனார் கோயிலுக்கு நேர் மேலே பெல்ட்டிலிருந்து நழுவி, பாறையில் விழுந்து செத்தான்!

1964 நவம்பர். கீரமங்கலம் பக்கம் கண்மாய் உடைந்து ஒரே வெள்ளம். ரைஸ் மில் மாடியில் இன்னும் இரண்டு பேர். குழந்தைசாமியின் மனைவி அழகி. அவன் தம்பி அடைக்கலம்.

அடைக்கலம் பட்டாளத்தில் இருந்தவன். 'அண்ணனையும் மதினியையும் நானே கட்டி அனுப்புறேன்' என்று கயிற்றில் இறங்கிப் போனவன்.

கரையில் இன்ஸ்பெக்டர் சோலையப்பன் பெல்ட்டைப் புரட்டிப் பார்த்தார்.

"அறுந்து போகலை... கொக்கியும் கழலலை. எப்படி சார் விழுந்தான்?"

மீட்புப் படை அதிகாரி சாட்டர்ஜிக்குத் தமிழ் தெரியாது. சோலையப்பனோடு எல்லாப் பேச்சும் ஆங்கிலத்தில்தான். படபடத்தார்.

"கையைத் தூக்கினார், பார்த்தீர்களே! பெல்ட் அக்குளில்தான் நிற்கிறது. கையைத் தூக்கினால் ஆள் நழுவிவிடுவார். தூக்கவே கூடாது என்பதுதான் முதல் ரூல்! அடைக்கலத்திடம் இந்தியில் மூன்று முறை சொல்லி அனுப்பினேன்."

"பயத்துல தூக்கிட்டான் போல... பாவம்."

"இனி விசாரணை முடியும்வரை யாரையும் தூக்கக் கூடாது. அதுவும் ரூல்."

படீர்!

மில்லின் ஒரு பக்கச் சுவர் சரிந்தது.

"ரூலைப் பார்த்தா அந்தப் பொண்ணு செத்துடும் சார்! தூக்குங்க... நான் கையெழுத்துப் போடுறேன்!"

சாட்டர்ஜி வயர்லெஸ்ஸில் கத்தினார். கயிறு இறங்கியது. அடைக்கலம் அழகிக்கு பெல்ட்டை மாட்டி, காதில் ஏதோ சொன்னான்.

அழகி அந்தரத்தில்... தண்ணீரைத் தாண்டி... கோயிலை நெருங்கி...

சோலையப்பன் தண்ணீர் ஓரம்வரை ஓடினார். 'தூக்காதே தாயே... கையைத் தூக்காதே!'

தூக்கவில்லை!

கரையில் கால் பட்டதும் சுருண்டு விழுந்து அழுதாள்.

"நல்லவேளைம்மா... அடைக்கலம் சொன்னபடி கையைத் தூக்காம வந்தே."

"அவரு தூக்கத்தாங்க சொன்னாரு!"

"என்னது...?"

"கோயிலத் தாண்டுறப்ப ரெண்டு கையையும் தலைக்கு மேல தூக்கிக் கும்புடணுமாம். இல்லாட்டி அய்யனாரு கயித்த அறுத்துப்புடுவாராம். அவுகளும் அத நம்பித்தான் கும்புட்டாக..."

சோலையப்பனின் முகம் மாறியது.

"அண்ணன் தம்பிக்குள்ள பகையா?"

"தென்னந்தோப்பு கேஸு ரெண்டு வருசமா நடக்குதுங்கய்யா. அவுகளும் நானும் போயிட்டா தோப்பு அவருக்குத்தான்."

"நீ மட்டும் ஏம்மா கும்பிடலை?"

அழகி நிமிர்ந்து பார்த்தாள். கண்ணீருக்கு நடுவே கோபம்.

"புருசன் செத்த தீட்டோட சாமியக் கும்புடுவாங்களாய்யா?"

முதல் கொலைதான் இரண்டாவது கொலையைத் தடுத்திருக்கிறது!

சோலையப்பன் விஷயத்தை ஆங்கிலத்தில் சொன்னதும் சாட்டர்ஜி தயங்கினார். "அடுத்து அடைக்கலம். தூக்கலாமா?"

"பத்திரமா தூக்குங்க சார்! அவனுக்கு ஜெயில்ல இன்னொரு கயிறு காத்துக்கிட்டிருக்கு!"