அடுப்பு ஒப்புக்கொண்ட முவாம்பா

காலையிலிருந்து மூன்றாவது தடவையாக அடுப்பு கறிவேப்பிலையைக் கொட்டியது.

"போடாதேன்னு எத்தனை தரம் சொல்றது?"

"நெருங்கிய உணவு: கோழிக் குழம்பு. திருத்தப்படுகிறது" என்றது அடுப்பு. பணிவுக்கு ஒன்றும் குறைச்சலில்லை. எனக்குத்தான் தலை வெடித்தது.

சேலத்தில் இப்போது எல்லார் வீட்டிலும் இந்தத் தன்னடுப்புதான். கலப்பட நோய் பரவியபோது வந்த சட்டம் இது. சுவையகராதியில் இல்லாத எதையும் அது சமைக்காது, கிட்டத்தில் இருக்கும் உணவாக மாற்றிவிடும். புதிதாக ஒன்றைச் சேர்க்க வேண்டுமென்றால், அந்த மண்ணில் பிறந்து இங்கே குடியிருப்பவர் சுவைச்சாட்சியாக ருசித்து ஒப்புக்கொள்ள வேண்டும். அதற்காக ஒருமுறை மட்டும் திருத்தாமல் விடும்.

என் கணவர் கசோங்கோ காங்கோக்காரர். அவருடைய அம்மா இறந்து இன்றோடு ஒரு வருஷம். அம்மா வைக்கும் முவாம்பா என்ற அவர்கள் ஊர்க் கோழிக்கறியைப் படத்துக்கு முன்னால் படைக்கவென்றே அவர் அக்கா கபேடி செம்பனைப் பழவிழுதோடு வந்திருந்தார். வந்த அன்றிலிருந்து அடுப்போடு மல்லுக்கட்டு.

"ஏங்க, சாட்சி கேளுங்க. இதுக்கு மேல என்னால முடியாது" என்றேன்.

கேட்டார். அடுப்பு வாயை மூடிக்கொண்டது. கபேடி கோழியை வறுத்து, வெங்காயமும் தக்காளியும் வதக்கி, விழுதை ஊற்றி, சிவப்பு எண்ணெய் மேலே மிதக்கும்வரை கிட்டேயே நின்றார். யாரையும் கரண்டியைத் தொட விடவில்லை.

கசோங்கோ ஒரு வாய் வைத்தார். நெற்றியைச் சுருக்கினார்.

"என்னமோ குறையுது. அம்மா வைக்கிறது இப்படி இருக்காது."

"சாட்சி மறுப்பு" என்ற அடுப்பு, நான் தடுப்பதற்குள் புளித்தண்ணீரையும் மல்லித்தூளையும் விட்டு ஒரு கொதி கொதிக்க வைத்தது. அடுப்பை அடித்து உடைக்கலாம் போலிருந்தது.

அவர் மறுபடி ருசித்தார். கண் கலங்கிவிட்டது.

"இதுதான். அப்படியே எங்கம்மா கை."

"முவாம்பா பதிவாகிவிட்டது" என்றது அடுப்பு.

கபேடியும் ஒரு வாய் எடுத்தார். தம்பி பக்கம் திரும்பினார். என் காதிலிருந்த மொழிபெயர்ப்புக் கருவியின் தட்டையான தமிழில் அவர் கேள்வி வந்தது: "யாருடைய அம்மா?"

கசோங்கோவுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. அது ஞாயிறுதோறும் நான் வைக்கும் குழம்பு.