தனிக்குரல்

பாட்டுக் கோப்பில் இருபத்துநான்கு ஒலித்தடங்கள்தான் இருக்க வேண்டும். திரையில் இருபத்தைந்து இருந்தன.

ஒலிப்பதிவுக் கூடத்தின் சொந்தக்காரி மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி எண்ணினாள். கித்தார், வயலின், தாளம், குரல். எல்லாவற்றுக்கும் கீழே பெயரில்லாத ஒரு தடம். பாட்டு ஐந்தே நிமிடம். இது மட்டும் முடிவில்லாமல் நீண்டு போனது.

பாடகி இறந்து மூன்று மாதம் ஆகிறது. சாவதற்கு முன் ஆஸ்பத்திரியில் இவள் கையைப் பிடித்துக்கொண்டு, "பாட்டா யாருக்கு வேணா குடு. என் குரலைத் தனியா பிரிச்சு மட்டும் குடுத்துடாதடி" என்றாள். இவளும் தலையாட்டினாள். போன வாரம் ஒரு நிறுவனம் அந்தத் தனிக்குரலைத்தான் கேட்டது. கணினிக்குப் பழக்கிப் புதுப் பாட்டெல்லாம் பாடவைப்பார்களாம். என் கூடம், என் மைக், என் கணினி. அப்படியென்றால் கோப்பும் என்னுடையதுதானே என்று மனசுக்குச் சமாதானம் சொல்லி, சற்றுமுன்தான் அனுப்பிவிட்டிருந்தாள்.

அந்தத் தடத்தை மட்டும் ஓடவிட்டாள். முதலில் ஒன்றுமில்லை. பிறகு ஏசியின் மெல்லிய இரைச்சல், ஒரு நாற்காலியின் கிறீச். இப்போது இவள் அசைந்தபோது எழுந்த அதே கிறீச். அதன் பின்னால், பாடத் தொடங்கும் முன் நெஞ்சு நிறைய இழுக்கிற ஒரு மூச்சு. இழுத்த மூச்சு வெளியே வரவே இல்லை. அறையில் கிராம்பு வாசனை அடித்தது. பாடகி எப்போதும் வாயில் ஒதுக்கிக்கொள்ளும் கிராம்பு.

நிறுத்தினாள். திரையில் ஓடிய கோடு நிற்கவில்லை.

"யாரு?" என்றாள்.

அவள் உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. திரையில், பெயரில்லாத தடத்தில், ஒரு சின்ன மேடு எழுந்து அடங்கியது.

கதவுக்கு ஓடினாள். கைப்பிடி திரும்பவில்லை. தட்டினாள். பஞ்சு வைத்த கதவு அத்தனையையும் விழுங்கியது. கதவில் பதித்த உள்ளங்கையளவுக் கண்ணாடிச் சதுரத்தில் கணவனின் முகம் வந்தது. வெளிச்சுவரில் இருந்த, உள்ளே இருப்பவரோடு பேசும் பொத்தானை அவன் அழுத்தினான்.

"முடிஞ்சுதா? மணி மூணாச்சு. இன்னும் சாப்பிடலையே நீ."

அவள் கத்தினாள். தொண்டை நரம்பு புடைக்கக் கத்தினாள்.

தலைக்கு மேலிருந்த ஒலிபெருக்கியில் அவளுடைய குரல் சாவகாசமாகப் பதில் சொன்னது. "இன்னும் கொஞ்சம் வேலை இருக்குங்க. நீங்க கிளம்புங்க. பின்னாடியே வந்துடறேன்."

"நல்ல ஆளு போ" என்று சிரித்தான். கண்ணாடியில் அவன் பார்த்தது எதையோ, இவளை இல்லை. முகம் விலகியது. மறுபக்கம் வெறும் சுவர்.

கிராம்பு வாசனை நெருங்கியது. பிடரிக்கு அருகே.

திரும்பினாள்.

கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் பாடும் அறையில் விளக்கு எரிந்தது. அங்கே யாரும் இல்லை. உயரமாக நின்ற மைக் மட்டும் தன் தண்டில் மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. ஒரு விரல். இன்னும் ஒரு விரல். சரியாக இவள் வாயின் உயரத்துக்கு வந்ததும் நின்றது.