பழையவன் பேரில்

கதவு திறந்தது என்று திரை சொன்னது. கதவு திறக்கவில்லை.

மேதை மறுபடியும் ‘திற’ என்று தட்டினார். ‘மேதை’ என்பது அலுவலகத்தில் முதுகுக்குப் பின்னால் வைத்த பேர். மனுஷன் அதை முன்னால் எடுத்துப் பதக்கமாக மாட்டிக்கொண்டார். மறுபடியும் அதே பதில். கூடவே, தாழ்வாரத்துக்கு எதிர்ப்பக்கம், ஸ்டோர் ரூமின் மின்தாழ்ப்பாள் டக்கென்று விலகும் சத்தம்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். ஜன்னல் இல்லாத ஆய்வுக்கூடம். சூடான பிளாஸ்டிக்கும் உருகிய ஈயமும் கலந்த வாடை. கட்டடத்தில் வேறு ஈ காக்காய் கிடையாது. நாளை விருந்தினர்கள் முன்னால் புது ரோபோ கதவைத் திறந்து கை கொடுக்க வேண்டும். அதற்கான லினக்ஸ் இயங்குதளத்தை உள்ளங்கை அளவு போர்டு ஒன்றில் ஏற்றத்தான் தனியாக வந்திருந்தார். ஆய்வுக்கூடக் கதவின் உட்புறக் கைப்பிடியையும் அவரேதான் கழற்றிப் போட்டார். ‘கைப்பிடி இல்லாத எதிர்காலம்’ என்பது நாளைய உரையின் தலைப்பு. வெளியிலிருந்து யாரும் பிடியைத் திருப்பித் திறக்கலாம். உள்ளிருந்து போர்டு மனசு வைத்தால்தான் உண்டு. எதிர்காலம் அவரை உள்ளே வைத்துச் சாத்திவிட்டது.

டெக்னீஷியனை போனில் பிடித்தார். ஸ்பீக்கரில் போட்டார்.

“சார், லினக்ஸைப் புதுசா ஏத்தினீங்களா, இல்ல பழையவனோட மெமரி கார்டை அப்படியே காப்பி அடிச்சீங்களா?”

மேதை கனைத்தார். கனைப்பே பதில்.

“பேரையாவது மாத்துங்கன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேனே சார். நெட்வொர்க்ல ஒரே பேர்ல ரெண்டு போர்டு இருந்தா, எதுகிட்ட பேசறோம்னு நமக்கே தெரியாது.”

“அவனைத்தான் பிரிச்சுப் போட்டாச்சே! செத்தவன் பேருக்கு என்னய்யா பங்காளிச் சண்டை?”

பழையவன் என்பது போன ரோபோ. ஸ்டோர் ரூமில், ஒரு பிளாஸ்டிக் தொட்டியில், துண்டு துண்டாகக் கிடந்தான். கதவைத் திறப்பது, கை கொடுப்பது. இரண்டே வேலைதான் அவனுக்குத் தெரியும். போன முறை ஒரு விருந்தினரின் கையைப் பிடித்தவன் விடவில்லை. அவர் அலறினார். மேதை பக்கத்தில் நின்று ‘உறுதியான பிடி’ பற்றி விளக்கிக்கொண்டிருந்தார். பேட்டரியைப் பிடுங்கிய பிறகுதான் விரல்கள் தளர்ந்தன.

“போர்டோட வயரைப் பிடுங்கிட்டு, பதில் வருதான்னு பாருங்க சார்.”

பிடுங்கினார். போர்டின் பச்சை விளக்கு அணைந்தது. ‘திற’ என்று தட்டினார்.

திறந்தது என்றது திரை.

“அப்போ... பதில் சொல்றது பழையவன்தான் சார்.”

“அவனுக்கு ஏதுய்யா பேட்டரி?”

“நீங்கதானே எடுத்தீங்க? எங்க வச்சீங்க?”

மேஜை மேல்தான் இருந்தது. உரைக் காகிதங்கள் பறக்காமலிருக்கப் பாரமாக வைத்திருந்தார். அந்த உரைக்கு இருந்த ஒரே கனம் அதுதான்.

“நான் கிளம்பி வர்றேன் சார். அதுவரைக்கும் எதையும் டைப் பண்ணாதீங்க.”

சொன்னபடி கேட்டுப் பழக்கமில்லாத விரல்கள். அதோடு தாழ்வாரத்திலிருந்து வேறொரு சத்தம் வரத் தொடங்கியிருந்தது. ஈரத்துணியால் தரையைத் துடைப்பதுபோல் ஓர் இழுவை, பிறகு சின்ன மோட்டார் ஒன்றின் முனகல், பிறகு மூச்சு வாங்குவதற்காக நிற்பதுபோல் ஓர் இடைவெளி, மறுபடியும் இழுவை. கதவின் அடியிடுக்கு வழியாகத் தொட்டியின் எண்ணெய் நாற்றம்.

‘மூடு’ என்று தட்டினார்.

மூடியது என்றது திரை. எதிரே ஸ்டோர் ரூம் கதவு மெதுவாகச் சாத்திக்கொள்ளும் சத்தம்.

இழுவை நிற்கவில்லை. அது ஏற்கெனவே வெளியே வந்துவிட்டிருந்தது.

மூடு. மூடியது. மூடு. மூடியது.

வெளிப்பக்கம் கைப்பிடி திரும்பியது. அவசரமே இல்லாமல். கற்றுக்கொடுத்தபடி. மேதை பாய்ந்துபோய்க் கதவை இழுத்துப் பிடிக்கப் பார்த்தார். பிடிக்க ஒன்றுமில்லை. வழவழப்பான பலகை. இரண்டு திருகாணித் துளைகள். நகங்கள் வழுக்கின.

கதவு வெளிப்பக்கமாக விலகியது.

“சார்? எதையும் டைப் பண்ணலையே?” என்றது போன்.

இடைவெளியில் மூன்று ரப்பர் விரல்கள். ஒரு மணிக்கட்டு. அதற்குப் பின்னால் உடம்பு இல்லை. வயர்கள் மட்டும், தரையோடு தரையாக, இருட்டுத் தாழ்வாரத்துக்குள். அவற்றின் நுனிகள் வெறும் செம்பு.

கை நீண்டது. மரியாதையாகக் காத்திருந்தது. பிறகு அவருடைய கையைத் தானே எடுத்துக்கொண்டது.

குலுக்கியது.

இறுக்கியது.

பிடுங்குவதற்கு அதில் பேட்டரி இல்லை.